சத்தம் போடாத கணினிப் பெட்டி



ஆறு மாதமாகக் காதில் கருவி மாட்டியிருக்கிறேன். அதில் ஒரு சங்கடம். பேத்தி வீடியோ அழைப்பில் பேசினால், அவள் குரலோடு பழைய கணினியின் இரைச்சலையும் அது பெரிதாக்கித் தருகிறது. "கேட்டுச்சா தாத்தா?" என்பாள். கேட்டதாகத் தலையாட்டுவேன். அது பொய்.

புதிது வாங்கச் சொன்னார்கள். வேலை செய்கிற பொருளைத் தூக்கி எறிய மனமில்லை. குரும்பலூரிலேயே தச்சு வேலை பார்க்கும் பழைய மாணவரைக் கூப்பிட்டேன். பத்தாம் வகுப்பில் அறிவியலில் தவறியவர். பாடம் நடத்தியவன் நான்தான். அவர் பெட்டியின் பக்கத் தகட்டை உள்ளங்கையால் அழுத்தினார். பாதிச் சத்தம் அடங்கியது. "ஃபேன் மட்டுமில்ல சார், தகரம் அதிருது" என்றார். ஒத்ததிர்வை வருடக்கணக்கில் கரும்பலகையில் வரைந்த எனக்கு அது தோன்றவில்லை.

இருவருமாக 18 மி.மீ. பிளைவுட்டில் புதுப் பெட்டி செய்தோம். 80 மி.மீ. விசிறியை எடுத்துவிட்டு 120 மி.மீ. விசிறி வைத்தோம். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதிய காற்றைத் தள்ளும். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். விசிறிக்கும் மரத்துக்கும் நடுவே ரப்பர் வாஷர். மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் முன்பக்கம் கீழே காற்று நுழையவும், பின்பக்கம் மேலே வெளியேறவும் தாராளமாக வழி விட்டோம். அதை அடைத்தால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கணினி படுத்துவிடும். தூசிக்குக் கொசுவலை. உள்ளே அலுமினியத் தகடு பதித்து எர்த் கொடுத்தோம். மதர்போர்டு அதில் படாமல் பித்தளைக் கால்களில் நிற்கிறது.

இனி என் கருத்து. வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணினி அறையில் இரைச்சல் வந்தால், ஏன் வருகிறது என்று பெட்டியைத் திறந்து பார்க்கப் பிள்ளைகளை விடுகிறோமா? "தொடாதே, ரிப்பேராயிடும்" என்று நானும் அதட்டியிருக்கிறேன். தவறு என்னுடையது.

ஆபத்து என்பீர்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். மற்றதை ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் தாராளமாகக் கழற்றி மாட்டலாம்.

நம் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமைப்பட்டோம். அந்தக் கையறிவுக்குப் பள்ளியில் எத்தனை பாடவேளை ஒதுக்குகிறோம்?

உங்கள் ஊர்ப் பள்ளியில் பழுதான கணினி மூலையில் கிடந்தால் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். ஒரு தச்சரையும் அழைத்துப் போங்கள்.

நேற்று பேத்தி அரை மணி நேரம் பேசினாள். எல்லாம் கேட்டது.