கடைசியாக வருபவருக்கும் இடம் உண்டு

ஓட்டம் என்றதும் நம் இலக்கிய நண்பர்கள் ஆலன் சில்லிடோவிடம் போய்விடுகிறார்கள். 1959இல் வெளிவந்த 'நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை' கதையில், சீர்திருத்தப் பள்ளி இளைஞன் வெல்ல வேண்டிய பந்தயத்தை வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறான். அருமையான கதைதான். ஆனால் அதிலிருந்து, 'ஓட்டம் தனிமனிதத் தவம். ஊர் கூடி ஓடுவது வெறும் கேளிக்கை' என்றொரு சித்தாந்தத்தை உருவியெடுக்கிறார்களே, அதை ஏற்பதற்கில்லை. வெல்லக்கூடியவன் தோற்றால்தான் அது கலகம். நாற்பது வயதுக்கு மேல் மூச்சிரைக்க முதன்முறையாக ஓட வருபவருக்கு அந்தச் சொகுசு ஏது? அவர் கடைசியாகத்தான் வருவார். அவருக்கு அங்கே என்ன இடம் என்பதே என் கேள்வி.

இதற்கு விடை சொன்னது லண்டனின் புஷி பூங்கா. 2004 அக்டோபர் 2 அன்று, காயத்தால் தானே ஓட இயலாதிருந்த பால் சின்டன்-ஹெவிட் அங்கு நடத்திய ஓட்டத்திற்கு வந்தவர்கள் 13 பேர். அதுவே பின்னர் 'பார்க்ரன்' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. வாரந்தோறும் 5 கி.மீ.; கட்டணம் கிடையாது. ஒருமுறை பதிவுசெய்து, பட்டைக்குறியீட்டை எடுத்துச் சென்றால் போதும். ஓடலாம், நடக்கலாம். தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். அவர்களில் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். கடைசியாக வந்து சேர்வதே அவருடைய பணி. ஆகவே புதிதாக வரும் எவரும் கடைசி ஆள் ஆவதில்லை. பந்தயம் என்ற சொல்லின் பொருளையே மாற்றிவிட்ட ஏற்பாடு இது என்பேன்.

2024 பிப்ரவரியில் பார்க்ரன் தன் இணையதளத்திலிருந்து வேகச் சாதனைப் பட்டியல்களை நீக்கியபோது எழுந்த கூக்குரலை நினைத்துப் பார்க்கலாம். புதியவர்கள் மிரளக்கூடாது என்பது அமைப்பின் விளக்கம். (பாலினப் பிரிவுச் சர்ச்சையிலிருந்து நழுவவே இப்படிச் செய்தார்கள் என்று ஐயுற்றவர்களும் உண்டு, அது தனி விவாதம்.) ஒவ்வொருவரும் ஓடிய நேரம் இன்றும் வெளியாகத்தான் செய்கிறது. வேகக்காரர்கள் இழந்தது உச்சிப் பட்டியலை மட்டுமே. அவர்களுக்கு மன்றங்களும் பதக்கங்களும் ஏற்கெனவே உள்ளன. பின்வரிசைக்கு இருப்பது இது ஒன்றுதான்.

அதையும் பறிக்கப் பார்த்தவர்கள் உண்டு. 2016இல் பிரிஸ்டல் அருகே ஸ்டோக் கிஃபோர்டு ஊர் மன்றம், பூங்காப் பராமரிப்பைக் காட்டிக் கட்டணம் கேட்டது. லிட்டில் ஸ்டோக் பார்க்ரன் நின்றே போயிற்று. பாதை தேய்வது மன்றத்தின் கண்ணில் பட்டது. அதில் நடக்கத் தொடங்கியவர்கள் படவில்லை.

'முதலில் உடம்பைத் தயார்செய், பிறகு பந்தயத்துக்கு வா' என்ற அறிவுரையும் ஒரு நுழைவுக் கட்டணமே. 1996இல் ஜோஷ் கிளார்க் வகுத்த ஒன்பது வாரப் பயிற்சி, முதல் வாரத்தில் 60 நொடி மெல்லோட்டம், 90 நொடி நடை என்று மாறிமாறித் தொடங்குகிறது. நல்ல முறைதான். ஒன்பது வாரமும் முடியட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? அதே ஓட்டத்தையும் நடையையும் பந்தயத்தின் பின்வரிசையில் செய்யலாமே. முதல் கிலோமீட்டரில் எல்லோரும் முந்திப் போவார்கள். போகட்டும், பின்னால் ஒருவர் வந்துகொண்டிருக்கிறார்.