பிரிக்பீல்ட்சில் பார்க்க என்ன இருக்கிறது?



நீண்ட பள்ளி விடுமுறை நெருங்கும்போதே ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூடுமிடங்களிலும் ஒரே பேச்சு எழுகிறது: "இந்த விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள்?" விடைகளும் ஏறத்தாழ ஒன்றேதான். கேளிக்கைப் பூங்கா, நீர் விளையாட்டு மையம், பேரங்காடி. சற்று வசதி படைத்தோர் கெந்திங் மலையைச் சொல்வர். போய்வந்த பிள்ளைகளிடம் என்ன கண்டாய் என்று கேட்டால், ஏறிய இராட்டினத்தையும் தின்ற பொரித்த கோழியையும் தவிர வேறொன்றும் வாயில் வருவதில்லை. பிறகு நாமே 'என் விடுமுறை' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, வகுப்பு முழுவதும் ஒரே கட்டுரையை எழுதியிருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். குற்றம் பிள்ளைகளுடையதா?

பேரா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் குடியிருக்கும் நாங்கள், இவ்விடுமுறையில் ஆறு நாள்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் தங்கினோம். வெளியூர் சென்றிருந்த உறவினர் ஒருவர் தம் அடுக்குமாடி வீட்டுச் சாவியைக் கொடுத்து உதவினார். செடிகளுக்கு நீர் ஊற்றுவது மட்டுமே வாடகை. இதனைச் செவியுற்ற நண்பர் ஒருவர், "பிரிக்பீல்ட்சில் பார்க்க என்ன இருக்கிறது? துணிக்கடையும் வாழையிலைச் சாப்பாடும்தானே!" என்றார். அக்கேள்விக்கு விடை சொல்லவே இதனை எழுதுகிறேன். அது அவர் ஒருவருடைய கேள்வியன்று. தமிழ்ப்பள்ளிகளில் பணிபுரியும் நம்மில் பலருடைய மனத்திலும் ஊறிக்கிடக்கும் கேள்வி அது.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். பிரிக்பீல்ட்ஸ் என்றால் செங்கல் வயல். 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் கொண்டிருந்த அந்நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்டவேண்டும் என்று, 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். யாப் ஆ லோய் இவ்வட்டாரத்தில் செங்கல் சூளைகளை நிறுவினார். பழைய கோலாலம்பூரின் சுவர்களுக்கான செங்கல் இம்மண்ணில் வெந்தது. பின்னர் இரயில் வந்தது. அதன் பணிமனைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் இங்கு எழுந்தன. தண்டவாளம் போட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளரும், இரயில்வே அலுவலகங்களில் எழுத்தர்களாக வந்த யாழ்ப்பாணத் தமிழரும் இங்கே குடியேறினர்.

இவற்றை எந்த அருங்காட்சியகத்திலும் தேடவேண்டியதில்லை. காலாற நடந்தால் போதும். ஸ்கோட் சாலையில் இலங்கைச் சைவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கந்தசுவாமி கோயில் இருக்கிறது. சற்றுத் தொலைவில், 1894இல் சங்கம் அமைத்த சிங்கள மக்களின் புத்த மகா விகாரை. 1904இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம், தமிழ் வழிபாடு நடக்கும் லூத்தரன் தேவாலயம், சீனர் கோயில் ஆகிய யாவும் நடந்தே சென்று காணத்தக்கவை. 1951இல் நிறுவப்பெற்ற மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இங்குதான் உள்ளது. அதனால் நடைபாதைகளில் கோடுகோடாய்ப் புடைத்த கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அக்கற்களின்மீது மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகும் மனிதரையும், வெள்ளைக் கோலால் தடவித் தடவி அதனைச் சுற்றிச் செல்லும் மனிதரையும் ஒரே காலையில் என் மகள் கண்டாள். நன்னெறிப் பாடத்தில் நான் பத்து ஆண்டுகளாகச் சொல்லிவருவதை அந்த ஒரு காட்சி அவளுக்குச் சொல்லிவிட்டது.

பேருந்தில் வந்திறங்கி, ஒரு மணி நேரம் சுற்றி, படம் எடுத்துக்கொண்டு திரும்பும் சுற்றுலாவில் இது கிட்டாது. ஒரு வீட்டில் தங்கவேண்டும். காலையில் அதே கடைக்குப் பால் வாங்கப் போகவேண்டும். மூன்றாம் நாள் கடைக்காரர் பிள்ளையின் பெயரைக் கேட்பார். நான்காம் நாள் தம் தாத்தா இரயில்வேயில் வேலை பார்த்த கதையைச் சொல்வார். தங்கும் விடுதியின் வரவேற்பறையில் அக்கதையைச் சொல்ல யார் இருக்கிறார்?

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லவேண்டும். 2010ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் இவ்வட்டாரத்தை 'லிட்டில் இந்தியா' என்று தொடங்கிவைத்தனர். வளைவுகளும் வண்ணங்களும் வந்தன. வணிகருக்கு அதனால் பயன் விளைந்தால் மகிழ்ச்சியே. ஆயினும் நம் பிள்ளைகள் அப்பெயரை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? எங்கோ இருக்கும் ஒரு நாட்டின் சிறு துண்டு இங்கே ஒட்டவைக்கப்பட்டிருப்பதாக எண்ணுகிறார்கள். இதுவோ இந்நாட்டின் தலைநகரைக் கட்டியெழுப்பியவர்கள் வாழ்ந்த இடம். இங்கே நாம் விருந்தாளிகள் அல்லோம். இதனைத் தமிழ்ப்பள்ளி மாணவனுக்குச் சொல்லித்தர வளைவுகளால் இயலாது; ஆசிரியரும் பெற்றோரும்தாம் சொல்லவேண்டும்.

அடுத்துக் கிள்ளான். கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் இரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் மறுகரையான புக்கிட் கூடா வரை 1886இல் முதல் தடம் திறக்கப்பட்டது. 1890இல் அது ஆற்றைக் கடந்து கிள்ளானை எட்டியது. தெங்கு கிளானா சாலையில் பூமாலையும் முறுக்கும் வாங்கத் தெரிந்த நமக்கு, அவ்வட்டாரத் தோட்டங்களில் 1941இல் நடந்தது தெரியுமா? பால்மரத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் முதலானோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு மட்டும் அவர்கள் கேட்கவில்லை. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்றனர். கள்ளுக்கடைகளை மூடக் கோரினர். தம் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றும் கேட்டனர். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படையினரின் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர்.

பிள்ளைகளின் கல்வியைத் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்துப் போராடியவர்களின் ஊருக்கு, அக்கல்வியைத் தரும் நாம் நம் மாணவர்களை ஏன் அழைத்துச் செல்வதில்லை?

இதற்குச் சொல்லப்படும் காரணங்களை நான் அறிவேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும்." வரலாற்றைச் சொற்பொழிவாக ஆற்றினால் தட்டத்தான் செய்யும். பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்துத் தெருப் பெயர்களை எழுதிவரச் சொல்லுங்கள். துன் சம்பந்தன் யார் என்று அவனே கேட்பான். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வீதிக்கு வந்தபோது, சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் கூட்டுறவுச் சங்கம் கண்டவர் என்று அப்போது சொல்லலாம். கேட்ட பிள்ளைக்குச் சொன்னது மறக்காது.

2. "தேர்வுக்கு உதவாது." யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. ஆனாலும் அத்தேர்வின் அச்சம் மட்டும் நம்மை விட்டு அகலவில்லை. கண்டதையும் கேட்டதையும் எழுதும் பிள்ளைக்கு மனப்பாடக் கட்டுரை தேவைப்படாது.

3. "தலைநகரில் தங்கச் செலவாகும்." பூங்கா நுழைவுச்சீட்டை நால்வருக்கு வாங்கும் குடும்பம் இதனைச் சொல்லக் கூடாது. சொல்ல உரிமையுள்ள ஏழைப் பெற்றோர் பலர் உள்ளனர். அவர்களுக்கு என் விடை இதுதான்: விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் உறவினர் வீடு நம்மில் பலருக்கும் உண்டு. கேட்கத்தான் கூச்சம். முன்பெல்லாம் தோட்டத்து லயன் வீடுகளில் ஒரு விடுமுறைக்குப் பத்துப் பிள்ளைகள் பாய்விரித்துப் படுத்த சமுதாயம் நாம். அந்தப் பழக்கத்தை எப்போது கைவிட்டோம்? ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் மனம் வைத்தால், ஊர்விட்டு ஊர் வீடு மாற்றித் தங்கும் ஏற்பாட்டைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வழியாகவே செய்துவிட முடியும்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! இதனைத் தள்ளிப்போட முடியாததற்கும் காரணம் உண்டு. பிரிக்பீல்ட்சில் 'நூறு குவார்ட்டர்ஸ்' என்று அழைக்கப்பட்ட பழைய தொழிலாளர் வீட்டு வரிசைகள் இருந்தன. இன்று இல்லை, இடித்துவிட்டார்கள். விவேகானந்தா ஆசிரம வளாகத்திலும் 2014இல் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று வந்தது. பொதுமக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 2016இல் ஆசிரமம் மரபுடைமையாக அரசிதழில் பதிவு பெற்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணிப் பாருங்கள். ஓர் இடத்தை அறிந்தவர்கள் இருந்தால்தான் அது இடிபடும்போது குரல் எழும். இன்று நாம் தெருவைக் காட்டாமல் வளர்க்கும் பிள்ளை, நாளை எதற்காகக் குரல் கொடுக்கும்?

அடுத்த விடுமுறைக்கு ஒரு வீட்டுச் சாவியைக் கேட்டுப் பெறுங்கள். பிரிக்பீல்ட்சாக இருக்கவேண்டும் என்பதில்லை; செந்தூலோ, கிள்ளானோ, உங்கள் பாட்டன் பால்மரம் வெட்டிய ஊரோ ஆகட்டும். பிள்ளையின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். பள்ளி திறந்ததும் அந்தக் குறிப்பேட்டை வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்வது ஆசிரியர்களாகிய எங்கள் பொறுப்பு.