மைதானத்தில் கணிதம்

பரீட்சை நெருங்கியதும் விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுவது நமது பள்ளிக்கூடங்கள் பலவற்றில் வழக்கமாயிருக்கிறது. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கிட்டிப்புள் ஆடும் சிறுவனைப் பாருங்கள். புள் விழுந்த இடம் எத்தனை கிட்டி தூரமென்று கண்ணாலேயே மதித்துக் கூறுகிறான். எதிர்க்கட்சியார் ஆட்சேபித்தால் அளந்து காட்டியாக வேண்டும். மிகைப்படக் கேட்டிருந்தால் ஆட்டம் போயிற்று! உத்தேச மதிப்பு, அளவை, கூட்டல் மூன்றும் பிரம்பின் உதவியின்றியே அவனுக்குக் கைவருகின்றன.

தமிழ்நாட்டு அரசாங்கம் 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஆடலையும் பாடலையும் போதனா முறையாகவே அங்கீகரித்தது. அங்ஙனமிருக்க, மைதானத்தைப் பூட்டிவைத்துவிட்டுக் கரும்பலகையில் தூரக் கணக்குப் போடுவது என்ன நியாயம்? பறித்த நேரத்தைப் பிள்ளைகளிடம் உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். கணக்கு உபாத்தியாயரும் அளவுகோலுடன் வெளியே வரட்டும்.