ஆஸ்பத்திரியிலும் பதிலி முறையா?

மில்லிலே பதிலி என்றால் என்ன என்று நமது தோழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நிரந்தரத் தொழிலாளி பார்க்கும் அதே வேலை, அதே ஷிப்டு. கூலி மாத்திரம் வேறு. இந்த முறை ஆஸ்பத்திரிக்குள்ளும் புகுந்திருக்கிறது. அங்கே அதற்குத் தொகுப்பூதியம் என்று பெயர்.

தமிழக சர்க்கார் 2012-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தை அமைத்தது. சிபாரிசுக்கு இடமில்லாமல் பரீட்சை வைத்து ஆள் எடுப்பது நல்ல ஏற்பாடே. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் 2015-ல் அந்தப் பரீட்சையில் தேறிய ஆயிரக்கணக்கான நர்சுகளுக்குக் கிடைத்த சம்பளம் என்ன? மாதம் 7,700 ரூபாய்! இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று சொல்லியே தங்களை எடுத்தார்கள் என்கிறார்கள் நர்சுகள். இரண்டு வருஷம் போயிற்று, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். ஹைகோர்ட்டு வேலைநிறுத்தத்துக்குத் தடை போட்டது. பின்னர் சம்பளம் சற்று உயர்ந்தது. பகுதி பகுதியாகச் சிலர் நிரந்தரமானார்கள். போராடாமல் அதுவும் வந்திராது.

2020-ல் கொரோனா வந்தது. அவசரமாக ஒப்பந்த நர்சுகளை எடுத்தார்கள். அந்த மே மாதம் ராணுவ ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகள் மீது பூத் தூவின. 2022 டிசம்பர் 31-உடன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் சர்க்கார் வீட்டுக்கு அனுப்பியது. பூ வாடிவிட்டது போலும்!

பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று மனிதவளத் துறை என ஓர் இலாகாவே இருக்கிறது. நமது மில்களின் லேபர் ஆபீசுக்குப் புதுச் சட்டை. எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்சு, எத்தனை மணி நேர வேலை, வார ஓய்வு, பிரசவ லீவு, தொற்று நோயிலிருந்து பாதுகாப்பு — இவற்றைக் கவனிப்பதுதான் அந்த இலாகாவின் வேலையாக இருக்க வேண்டும். செலவைக் குறைப்பதே வேலையானால் மனிதரை எண்ணுவதும் பஞ்சுப் பேலை எண்ணுவதும் ஒன்றே.

இது நர்சுகளின் பிரச்னை மாத்திரமல்ல. நள்ளிரவில் விவசாயத் தொழிலாளியின் மனைவிக்கு வலி கண்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைபிடித்துப் பிரசவம் பார்ப்பவள் அந்த நர்சுதான். இரண்டு பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டினால், அவள் களைப்பில் நேரும் தவறு யார் வீட்டில் போய் விழும்?

ஆகவே நாம் கோருகிறோம்: காலியிடங்களைக் காலமுறை ஊதியத்தில் நிரப்புக! சம வேலைக்குச் சம சம்பளம் கொடு! ஆள் கணக்கைத் தீர்மானிக்கும்போது நர்சுகளின் சங்கத்தையும் அழைத்துப் பேசு! மில் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் தங்கள் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றிச் சுகாதார மந்திரிக்கு அனுப்ப வேண்டும்.