கட்டியக்காரனைக் கூப்பிடுங்க

பொங்கல், தீபாவளி வந்தா முதியோர் இல்லங்களுக்கு டவுன்லேர்ந்து கூட்டம் வரும். புடவை, ஸ்வீட் பாக்ஸ், ஒரு போட்டோ. ஸ்பீக்கர்ல சினிமா பாட்டை அலறவிட்டு ஒரு மணி நேரத்துல கிளம்பிடுவாங்க. நானும் அப்படிப் போனவன்தான். அங்க ஒரு பெரியவர் மெதுவா கேட்டார்: "தம்பி, இந்தப் பாட்டு எங்களுக்கா, உங்களுக்கா?" எனக்குப் பதில் வரல.

எங்க கரிக்கலாம்பாக்கம் பக்கத்துப் பெரியவங்க விடிய விடிய தெருக்கூத்து பார்த்தவங்க. கூத்துல கட்டியக்காரன் ராஜாவையே கிண்டல் பண்ணுவான். அப்படியே நம்ம பக்கம் திரும்பி வம்பிழுப்பான், நாமளும் திருப்பிக் கொடுக்கலாம். ஆரோவில்ல சிவப்பு மூக்கு மாட்டிக்கிட்டு நோயாளிகளைச் சிரிக்கவைக்கிற மெடிக்ளவுன் குழுவும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்யுது. எதிர்ல இருக்கிறவரையும் ஆட்டத்துல சேர்த்துக்கணும்.

பெரியவங்களால முடியுமான்னு கேக்காதீங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் கடலூர் பக்கத்துல ஹெல்ப்ஏஜ் இந்தியா தொடங்கின தாமரைக்குளம் முதியோர் கிராமத்துல பெரியவங்களே காய்கறி போடறாங்க. மண்வெட்டி பிடிக்கிற கைக்கு வேஷம் கட்டத் தெரியாதா?

என் யோசனை இதுதான். வில்லியனூர் தேருக்கு பிரெஞ்சுக்காரங்க காலத்துலேர்ந்து கவர்னர் வந்து வடம் பிடிக்கிறது வழக்கம். அதையே இல்லத்து முற்றத்துல நடத்துங்க. சக்கர நாற்காலிதான் தேர், கலர் பேப்பர் ஒட்டினா போதும். ஒரு ஆயா கவர்னர், வாயாடித் தாத்தா கட்டியக்காரன். நீங்க வடத்தைப் பிடிச்சு இழுங்க, அவங்க உங்களைக் கிண்டல் பண்ணட்டும்.

போட்டோவை அப்புறம் எடுத்துக்கலாம்.