யார் பேரில் பட்டா?

எங்கள் தொண்டாமுத்தூர் தோப்பில் பாக்கு உரிக்க மலையடிவாரத்து இருளர் பெண்ணொருத்தி வருவாள். இந்தத் தோப்பும் ஒரு காலத்தில் காடாக இருந்ததுதான் என்பார் என் மாமனார்.

"ஏனுங்கம்மா, எங்க பூமிக்குப் பட்டா கேட்டு எழுதிக் குடுக்கறோம். ஊட்டுக்காரர் பேரு போதுமுங்களா?" என்றாள்.

"போதாது அம்மணி!" என்றேன். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி, கணவன், மனைவி இருவர் பேரிலும் சேர்த்துத்தான் தரவேண்டும். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பழங்குடியினர் அனுபவித்து வரும் வனநிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை கிடைக்கும். விற்க முடியாது, பிள்ளைகளுக்குச் சேரும். மனுவைக் கிராம சபையில் கொடுக்கணும். எல்லாம் விளக்கிச் சொல்லி அனுப்பினேன்.

அன்று ராத்திரி பீரோவைத் திறந்து எங்கள் தோப்புப் பட்டாவை எடுத்துப் பார்த்தேன். அவர் பெயர் மட்டும்தான் இருந்தது!