கிருமி என்றதும் கிலி ஏன்?

‘வைரஸ்’ என்ற சொல் காதில் விழுந்ததும் கதவைச் சாத்துவோர் நம்மிடையே உண்டு. கொரோனாக் கொடுமையைக் கண்ட மக்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. ஆயினும், எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சவேண்டியதில்லை என்று பகுத்துப் பார்ப்பதன்றோ அறிவுடைமை?

பயிரின் மரபணுவை வைரஸைக் கொண்டு ஊமையாக்கும் ஆய்வுமுறை ஒன்று உண்டு. வலுக்குறைத்த பயிர் வைரஸில், ஆராயவேண்டிய மரபணுவின் சிறு துண்டைச் சேர்த்துச் செடியில் ஏற்றுகிறார்கள். செடி சும்மா இருப்பதில்லை. வந்த வைரஸின் ஆர்.என்.ஏ.யை நறுக்குகிறது, நறுக்கிய துண்டுகளை அடையாளமாகக் கொண்டு, அதனை ஒத்த செய்திகளையெல்லாம் தேடி அழிக்கிறது. அவ்வேட்டையில் அதன் சொந்த மரபணுவின் குரலும் அடங்குகிறது. பச்சை இலை வெளுத்தால், அடங்கிய மரபணு நிறங்காத்தது என்பது புலனாகும். ஆண்டுக்கணக்கில் நீளும் ஆய்வு சில வாரங்களில் முடியும். அடங்கிய குரல் பெரும்பாலும் விதைவழியே தொடர்வதுமில்லை. இது ஆராய்ச்சிக்கூடத்துச் சோதனை. வயலில் தெளிக்கும் மருந்தன்று!

அஞ்சுகிராமத்து உழவனுக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்பீர்கள். கன்னிப்பூவும் கும்பப்பூவும் அறுத்தபின் அவன் மாட்டுக்கு மிஞ்சுவது வைக்கோல். அதில் புரதம் நூற்றுக்கு 4 பங்கைத் தாண்டுவது அரிது. குதிரைமசாலிலோ ஏறத்தாழ 20 பங்கு! ஆனால் பச்சை மசாலை அளவின்றித் தின்றால் மாட்டின் வயிறு உப்புகிறது. முற்றிய தண்டு எளிதில் செரிப்பதில்லை. சவுண்டல் தழையில் மைமோசின் என்ற நச்சு. ஒவ்வொரு குறைக்கும் பின்னால் நிற்கும் மரபணு எதுவென்று தெரிந்துவிட்டால், வழக்கமான கலப்பு முறையிலேயே குறைகுறைந்த ரகத்தைத் தேட வழி பிறக்கும்.

இவ்வித்தை நமக்குக் கைவராததா? மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் வேலுத்தம்பியும் அவருடன் உழைத்தோரும், சுவிட்சர்லாந்து அறிஞர்களோடு கூடி, 2003-ஆம் ஆண்டிலேயே அதே தத்துவத்தைத் திருப்பிப் பிடித்து, மஞ்சள் தேமல் வைரஸையே அடக்கினர். நோயுற்ற உளுந்துச் செடிகள் மீண்டன. அறிவு இருக்கிறது, ஆதரவுதான் இல்லை!

நாம் உறங்கினால் என்ன நேரும்? அமெரிக்காவைப் பாருங்கள். தண்டைக் கடினமாக்கும் லிக்னினைக் குறைக்க, ஒரு மரபணுவை நிலையாக அடக்கிய குதிரைமசாலுக்கு 2014-இல் அங்கே அனுமதி கிடைத்தது. அதன் ஆக்கத்தில் மான்சாண்டோவுக்கும் பங்குண்டு. சந்தைக்கு அது தனித்து வந்ததா? இல்லை! களைக்கொல்லி தாங்கும் பண்பையும் கூடவே சுமந்து வந்தது. தழை வேண்டியவன் தலையில் களைக்கொல்லியும்! மாடு மெல்லும் இலையிலும் முதலாளியின் முத்திரை!

தோழர்களே, அஞ்சவேண்டியது இந்த ஏகபோகத்துக்கு. அறிவைப் பூட்டிவைத்தால் அது பூட்டியவனுக்கே அடிமையாகும்.

ஆகவே கேட்போம்: கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தீவனப்பயிர்த் துறைக்கும், 1962-இல் தோன்றிய ஜான்சி தீவன ஆராய்ச்சி நிலையத்துக்கும் வேண்டிய பணமும் ஆளும் தருக! ஆய்வுக்கூட வைரஸ் வெளியேறாதபடி கடுங்காவல் இடுக. அக்காவலின் கணக்கை மக்கள்முன் வைத்திடுக! மக்கள் பணத்தில் பிறக்கும் விதை மக்கள் சொத்தாகுக!

கிருமியைக் கருவியாக்கத் தெரிந்த நாட்டுக்கு, அக்கருவியை ஏழையின் தொழுவத்துக்குப் பயன்படுத்தவும் தெரியவேண்டும்.